சிவப்பு நட்சத்திரமும் வாய்வாளாமையும்

திருப்பூர் ராயபுரத்துச் சந்துகளில் எது வீடு, எது பனியன் கம்பெனி என்று வெளியூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. கீழே ஓவர்லாக் மெஷின் ஓடும், மாடியில் துணி காயும். அப்படியொரு கம்பெனிச் சுவரில், டீ கேன் வைக்கும் மேசைக்கு மேலே, புதிதாக ஒரு போஸ்டர். நடுவில் கறுப்புச் சதுரமாக க்யூஆர் கோடு. அதன் கீழே, தொழிலாளர் கருத்து தங்களுக்கு முக்கியம் என்று தமிழிலும் இந்தியிலும் இரண்டு வரி. வெளிநாட்டு பையர் கேட்டிருக்கிறார், ஒட்டியாகிவிட்டது. போஸ்டருக்கு ஒரு முழம் மேலே சிசிடிவி கேமரா.

“அக்கா, அஞ்சே நிமிசந்தானுங்க. ஸ்கேன் பண்ணி டிக் பண்ணீட்டீங்கன்னாப் போதும்” என்கிறான் ஆபீஸ் பையன்.

செக்கிங் மேசை அக்கா தலை நிமிரவில்லை. டேமேஜ் பீஸில் ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கியபடியே சொல்கிறார்: “அஞ்சு நிமிசத்துல எத்தன பீஸ் பாக்கலாம்னு உனக்குத் தெரியாதா கண்ணு? நீயே போட்டுக்க.”

சாயங்காலம் கணக்கைத் திறந்தால் இந்த அக்கா ஒரு வெற்றுக் கட்டம். பதில் தராதவர் பட்டியலில் ஒருவர். ஆனால் அவர் பதில் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டவனுக்கு நேரம் என்றால் என்ன என்று ஒரு கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். அது படிவத்தில் நுழைய வழியில்லை, அவ்வளவுதான். பதில் என்பது எது, மௌனம் எது, இரண்டுக்கும் எல்லை போடும் உரிமை யாருக்கு என்ற பழைய தத்துவச் சிக்கல் டீ மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.

இணையத்தில் சர்வே நடத்துகிறவர்களுக்கு இந்த வெற்றுக் கட்டம் தீராத தலைவலி. தபால், தொலைபேசி, நேரில் போய்க் கேட்பது ஆகிய மற்ற வழிகளோடு ஒப்பிட்டால், இணையத்தில் பதில் தருகிறவர்கள் சராசரியாக 11, 12 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. 2008-இல் 45 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வும், 2020-இல் 114 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வும் ஏறக்குறைய இதே எண்ணில்தான் வந்து நின்றன. நடுவில் போன் மாறியது, நெட் வேகம் மாறியது. பள்ளம் தூரவில்லை.

அதனால் படிவத்தை எப்படி வடிவமைத்தால் ஆள் தங்குவார் என்பதே தனித் தொழிலாகிவிட்டது. பத்து நிமிடம் ஆகும் என்று முன்கூட்டிச் சொன்னால் தொடங்குகிறவர்கள் அதிகம், முப்பது நிமிடம் என்றால் குறைவு. நீண்ட படிவத்தின் பின்பகுதிக் கேள்விகளுக்கு வரும் பதில்கள் அவசரமாகவும் குட்டையாகவும் இருக்கின்றன என்று 2009-இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. அமெரிக்காவில் டான் டில்மன் 1978-லேயே தபால், தொலைபேசிக் கணிப்புகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். சர்வேயை அவர் ஒரு சமூகப் பரிமாற்றமாகப் பார்த்தார்: கேட்பவர் முதலில் மரியாதை தரவேண்டும். உறையில் முன்னதாகவே வைத்து அனுப்பும் ஒற்றை டாலர், பதில் எழுதினால் பிறகு தருகிறோம் என்ற பெரிய தொகையைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது அந்தத் துறையில் பலமுறை உறுதியான விஷயம்.

இதைக் கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து வைத்தால் ஒரு மாதிரி, வாட்ஸப்பில் தட்டிவிட்டால் வேறு மாதிரி. “போன்லதான் அனுப்புனாங்க” என்ற ஒரு வாக்கியத்தில் போகாமல் இருந்ததற்கான முழு நியாயமும் அடங்கிவிடும்.

திருப்பூரிலிருந்து ஈரோடு போகும் திசையில், பெருந்துறைக்குப் பக்கத்தில் சீனாபுரம் என்ற ஊர் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் அது என்று கொங்கு நாட்டார் சொல்வார்கள். கொஞ்சம் இந்தப் பக்கம் விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டுச் சமணத் துறவியான பவணந்தி, கேள்வியை ஆறாகவும் பதிலை எட்டாகவும் பிரித்தார். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தில் இன்றைக்கும் அது உண்டு. இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு எல்லோரும் மறந்துபோகிற பாடம்.

சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இந்த எட்டையும் ராயபுரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். படிவத்தில் கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்களா? கீழே இரண்டு வட்டம், ஆம், இல்லை. வாய்விட்டுக் கேட்டால் என்ன வரும்? “ஆமாங்க” என்பது நேர். “இல்லீங்க” என்பது மறை. “அங்க போர்டுல எழுதிப் போட்டிருக்கே, பாருங்க” என்று கை நீட்டினால் சுட்டு. “மேனேஜரையே கேளுங்க” என்றால் ஏவல். “சொல்லாம இருப்பாங்களா?” என்பது வினா எதிர் வினாதல். “போன வாரம் புள்ளைக்குக் காய்ச்சல்னு நின்னுட்டேன், திங்கக்கிழமை வந்தா என் மெஷின்ல வேற ஆளு” என்பது உற்றது உரைத்தல். “இதுக்குப் பதில் சொன்னா நாளைக்கு உள்ள விடமாட்டாங்க” என்பது உறுவது கூறல். “நைட்டு வேலை உண்டுங்க” என்பது இனமொழி.

எட்டில் இரண்டுக்குத்தான் படிவத்தில் வட்டம் இருக்கிறது. மற்ற ஆறும் கீழே விழுகின்றன. விழுகிற ஆறில்தான் விஷயம் இருக்கிறது என்பதைத் திருப்பூரில் ஒரு சீசன் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். பவணந்தி இவற்றில் மறைமுகமான ஐந்தையும் பதில் இல்லை என்று தள்ளவில்லை. கேட்டதற்கான விடை அவற்றுக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்வது கேட்டவன் வேலை என்று விடை வகையில் சேர்த்துவிட்டார். செக்கிங் அக்காவின் “நீயே போட்டுக்க” இலக்கணப்படி சுத்தமான ஏவல் விடை.

கேள்விகளின் ஆறு வகை இன்னும் சங்கடமானது. தனக்குத் தெரிந்திருந்தும் பிறர் அறிவைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. அதுவா இதுவா என்று கேட்பது ஐய வினா. வாங்கிக்கொள்ளக் கேட்பது கொளல் வினா, கொடுக்கக் கேட்பது கொடை வினா, ஒரு வேலையைச் செய்யவைக்கக் கேட்பது ஏவல் வினா. எல்லா சர்வேயும் அறியா வினாவின் வேஷத்தில்தான் வருகிறது. ஆடிட் அன்றைக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் அறிவினா. சரியான விடை முந்தின நாளே மீட்டிங் போட்டுச் சொல்லித்தரப்பட்டிருக்கும். டெலிவரி முடிந்த கையோடு ஐந்து நட்சத்திரம் தருவீர்களா என்று வரும் குறுஞ்செய்தி ஏவல் வினா, அதில் சந்தேகமே வேண்டாம். பதில் சொல்கிறவர் கேள்வியின் சொற்களைவிட அதன் வகையைத்தான் முதலில் மோப்பம் பிடிக்கிறார். பதில் வரும் விகிதம் என்பதில் பாதி இந்த மோப்பத்தின் கணக்கு.

சமணரும் பௌத்தரும் தமிழ் மண்ணில் ஒருவரையொருவர் வாதத்தில் விட்டுக்கொடுத்ததில்லை. குண்டலகேசிக்கு மறுப்பாக நீலகேசி எழுந்தது அந்தச் சண்டையில்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பௌத்தர்களும் பக்கத்திலேயே வந்து உட்காருகிறார்கள். மணிமேகலையின் கடைசிக் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் விடை சொல்லும் வழி நான்கு என்கிறார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. தோன்றியது அழியுமா என்றால் அழியும் என்று துணிந்து சொல்லிவிடலாம். செத்தவன் மறுபடி பிறப்பானா என்றால், பற்றை விட்டவனா விடாதவனா என்று கூறுபோட வேண்டும். முட்டை முந்தியா பனை முந்தியா என்று கேட்டால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்று கேட்பவனிடம் வாய் திறக்கவே கூடாது.

பேசாதிருப்பதும் ஒரு விடை. கேள்வி தவறாகப் பிறந்திருக்கும்போது அதுதான் சரியான விடை.

இன்றைய படிவத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு சின்னம் உண்டு. கேள்வியின் ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று பொருள். நிரப்பாமல் அடுத்த பக்கம் போனால் எழுத்து சிவந்து, திரை மேலேறித் தப்பைச் சுட்டிக்காட்டும். ஆகாயப்பூவைப் பற்றிக் கேட்டாலும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் போட்டே ஆகவேண்டும். மக்கள் என்ன செய்கிறார்கள்? பாதியில் மூடிவிட்டுப் போகிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் நடு வட்டத்தை வரிசையாக அழுத்திக்கொண்டே இறங்குகிறார்கள். கட்டம் நிறைந்துவிடுகிறது. சொல்லப்பட்டது ஒன்றுமில்லை.

இதைவிட நயமான வித்தைகளும் உண்டு. இத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டையை எடுத்துக்கொள்ளலாம். அதை உள்ளபடி ஓடவிட்டால் பெரிய பயன் இல்லை என்று 32 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. தொடக்கத்தில் வேகமாகவும் பிற்பாடு மெதுவாகவும் ஓடும்படி செய்தால் மட்டும் பாதியில் விட்டுப்போகிறவர்கள் குறைகிறார்கள். அதாவது, நான்கு கேள்வி முடிந்ததும் பாதி தாண்டிவிட்டது என்று ஒரு சின்னப் பொய். யாருக்கும் காயமில்லை, புள்ளிவிவரத்துக்கு லாபம். குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வள்ளுவர் அனுமதிக்கிறாரே என்று வாதாட ஆள் இருப்பார். பவணந்தி ஏற்ற ஐந்து விரதங்களில் அகிம்சைக்கு அடுத்தது வாய்மை. உண்மையைச் சொல் என்று ஒருவரைக் கேட்கும் தாளிலேயே கேட்பவர் பொய் சொல்லித் தொடங்குகிறார் என்பதுதான் இதில் உறுத்துகிறது.

முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் இன்னொன்று. 2003-இல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் உறுப்புதான ஒப்புதலை நாடுவாரியாக ஒப்பிட்டார்கள். ஜெர்மனியில் 12 விழுக்காடு. பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98. ஆஸ்திரியர்களுக்கு மட்டும் தியாக உள்ளம் பொங்கியது என்று இல்லை. ஜெர்மனியில் சம்மதம் என்றால் சொல்ல வேண்டும், ஆஸ்திரியாவில் சம்மதமில்லை என்றால்தான் சொல்ல வேண்டும். இரண்டு ஊரிலும் மக்கள் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்ததை ஒரு ஊர் இல்லை என்று படித்தது, மற்றது ஆம் என்று படித்தது. கொங்குக் கிராமங்களில் காரியம் தொடங்குமுன் கவுளி சொல்லுக்காகக் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். பல்லி பேசாவிட்டால் சம்மதம் என்று எழுந்துபோகிறவர் அங்கே யாருமில்லை. காத்திருப்பார்கள், அல்லது இன்னொரு நாள் வருவார்கள்.

மௌனத்தை இப்படிப் போற்றிக்கொண்டே போவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பேசாதவர்களை விட்டுவிட்டுக் கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1936 அமெரிக்கத் தேர்தல் சாட்சி. லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது, ஏறத்தாழ 24 லட்சம் திரும்பி வந்தது. அதை வைத்து லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். அட்டை யாருக்குப் போனது என்பதில் ஒரு கோணல், அட்டையைத் திருப்பி அனுப்பியவர் யார் என்பதில் இன்னொரு கோணல். கம்பெனி முதலாளிக்கும் தொழிலாளியின் மௌனம் வசதியானதுதான்: யாரும் குறை சொல்லவில்லையே! வாய்வாளாமை விடை சொல்கிறவனின் கையில் இருக்கும்வரை அறம். அதைக் கேட்கிறவன் எடுத்துத் தன் பக்கம் எழுதிக்கொண்டால் அது திருட்டு.

இந்த முடிச்சை இந்தியாவில் உண்மையாகவே உட்கார்ந்து யோசித்த புள்ளியியலாளர் ஒருவர் இருந்தார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர், 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கக் காரணமானவர், பிரசந்த சந்திர மகலனோபிஸ். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி, இரண்டு கணக்கும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது அவருடைய முறை. கேட்பவர் மாறினால் பதிலும் மாறும் என்பதை முறையாகவே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. 1954-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று புள்ளியியலின் அடித்தளத்தைச் சமணரின் ஸ்யாத்வாதத்தில் தேடியது. ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை, ஒரு வகையில் உண்டும் இல்லையும், ஒரு வகையில் சொல்லில் அடங்காது. பிறகு இவற்றின் சேர்க்கைகள், ஆக மொத்தம் ஏழு. நான்காவதான அந்தச் சொல்லில் அடங்காததை அவர் ஓட்டையாகப் பார்க்கவில்லை. நிகழ்தகவு என்ற சிந்தனைக்கு இடம் அங்கேதான் இருக்கிறது என்றார். சீனாபுரத்து முனிவரின் மதமும் கல்கத்தாவின் கணக்கும் இப்படி ஓரிடத்தில் சந்தித்தன. ஆம், இல்லை என்று இரண்டு வட்டம் வைக்கிற மென்பொருள் அந்தச் சந்திப்பைக் கேள்விப்பட்டதில்லை.

மதத்தையே கேள்வியாகக் கேட்கும்போது வட்டங்களின் எண்ணிக்கை வெறும் வடிவமைப்பு விஷயமாக இருப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம், சீக்கியம், பௌத்தம், சமணம் என்று ஆறு மதங்களுக்கு எண் இருந்தது. மற்றவர்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம், எண் கிடையாது. காட்டையும் மரத்தோப்பையும் வணங்கும் ஆதிவாசிகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் ‘சர்னா’ என்று எழுதினார்கள். சொந்தமாக எண் வைத்திருந்த சமணர் தொகை 45 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தனிக் குறியீடு வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பர் 11 அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. திருப்பூர் கம்பெனி ஹாஸ்டல்களில் ஜார்க்கண்டுப் பெண்கள் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் அவர்களில் ஒருத்தி என்ன எழுதுவாள் என்பது, நிரப்பிக்கொடுக்கும் வார்டன் சர்னா என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

அதே 2011-இல் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர். 2001-இல் அது 7.3 லட்சமாக இருந்தது. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை வெறுமையாக விடலாம் என்று தமிழக அரசு 1973-லும் 2000-லும் ஆணை போட்டிருக்கிறது. இருந்தும் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு வளர்ந்த திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, சாதி மதம் அற்றவர் என்ற சான்றிதழைக் கையில் வாங்க 2019 பிப்ரவரி வரை ஆயிற்று. ஒன்றும் எழுதாமல் இருப்பதற்கும் தாசில்தார் கையெழுத்து தேவைப்பட்டது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பில் குடும்பமே இணையத்தில் விவரம் பதியும் வசதி உண்டு, சாதியும் கேட்கப்படும். எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் என்பதைத் தீர்மானிக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு சமயப் பிரச்சினையைத் தீர்ப்பவர்.

மௌனத்துக்கு முறையான இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பகுதி ஒருமுறை பார்த்திருக்கிறது. யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல முன்பு 49 ஓ விதி இருந்தது. எழுத்தாளர் ஞாநி அதற்காக ஓயாமல் எழுதினார், பேசினார். ஆனால் வாக்குச்சாவடி அலுவலரிடம் எல்லார் காதுபடச் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பூத் ஏஜென்டுகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம், அதையும் ரகசியமாக, எந்திரத்திலேயே ஒரு பொத்தானாக, இன்றைய ‘நோட்டா’வாக, வைக்கச் சொன்னது. அடுத்த மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்தது நீலகிரி தொகுதியில், 46,559. திருப்பூரை ஒட்டிய அவிநாசி அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. பதிவேடு பொத்தானானதும் அத்தனை பேருக்கு வாய் வந்தது.

திருப்பூர் மாவட்டத்திலேயே, காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில், கேள்வியே இல்லாத ஒரு கணிப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். அவர் கோயிலுக்கு வந்து சொல்வார். சன்னிதியில் பூப் போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். மண், தண்ணீர், சைக்கிள் என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. அடுத்த கனவு எந்த ஊர்க்காரருக்கு, எப்போது வரும் என்று கெடு கிடையாது. வாரக்கணக்கில் யாரும் வராவிட்டால் பழைய பொருளே இருக்கும். பதில் வரவில்லை என்று யாரும் நினைவூட்டல் அனுப்புவதில்லை. பூக்களைப் பொட்டலமாக மடித்து வைப்பதில் மட்டும் கவனம்: எது வெள்ளை, எது சிவப்பு என்று வெளியே தெரியக் கூடாது.

ராயபுரத்தில் டீ நேரம் முடியப் போகிறது. பையன் தன் போனிலேயே படிவத்தைத் திறந்து அக்காவிடம் நீட்டிவிட்டான். அவர் படிக்காமலேயே நடு வட்டமாக அழுத்திக்கொண்டு இறங்குகிறார், பச்சைப் பட்டை ஓடுகிறது. கடைசியில் ஒரு நீளமான பெட்டி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. அதற்கு நட்சத்திரம் இல்லை. அக்காவின் விரல் நிற்கிறது. எழுத வராது, மைக் பட்டனை அழுத்தச் சொல்கிறான் பையன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், குரலைத் தணித்துச் சொல்கிறார்:

“அந்தக் கேமராவக் கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வையுங்க சாமி.”